தந்தி முதல் இணையம் வரை

(யூபிலி விழாவை ஒட்டி நம் பங்கு மன்றத்தில் நடைபெற்ற குடும்ப மாலையில் ஆற்றிய உரை)



இணையம் கடந்து வந்த பாதையைப் பற்றியும், இனி அது செல்லவிருக்கும் திசையைப் பற்றியும் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கணிப்பொறி பயின்ற இளைஞர்கள் நம் பங்கில் எத்தனையோ பேர் இருக்க, தந்தி அலுவலகத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னிடம் ஏன் இதை ஒப்படைத்தார்கள் என்று தயங்கினேன். யோசித்துப் பார்த்தபோது, தந்தியும் இணையமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது நினைவுக்கு வந்தது, துணிந்து வந்துவிட்டேன்.

1871-ஆம் ஆண்டிலேயே நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. 2002-ல் இணையத்துக்காகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடப்பட்டது. உங்கள் பேரன் வெளிநாட்டிலிருந்து முகம் காட்டிப் பேசுவது வானத்திலிருந்து இறங்கி வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பகுதி கடலுக்கடியில்தான் வருகிறது.

இணையத்தின் பிறப்பு அமெரிக்காவில். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்ற ஐந்து எழுத்துச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது! அவ்வளவு எளிய தொடக்கம் அது. நீண்ட கடிதத்தைப் பல அஞ்சல் அட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் முகவரியும் எழுதி, கிடைத்த வழியில் அனுப்பி, மறுமுனையில் எண்படி அடுக்கிப் படிப்பது போன்றதே இணையத்தின் வேலை. இதற்கான பொது விதிகள் 1983 ஜனவரி 1 முதல் அந்த வலையில் நடைமுறைக்கு வந்தன. 1989-ல் ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, பக்கத்துக்குப் பக்கம் தாவிச் செல்லும் வையவிரிவு வலையை முன்மொழிந்தார். 1993-ல் சேர்ன் நிறுவனம் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டது. அந்தத் தாராள மனம் இல்லாதிருந்தால் இந்த வளர்ச்சி இவ்வளவு வேகமாக வந்திருக்காது என்றால் மிகையாகாது.

நம் நாட்டில் 1986-ல் தொடங்கிய எர்னெட் என்ற கல்வி வலையமைப்பில், நமக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி.யும் ஓர் அங்கம். பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே கீச்சுக் குரல் எழுப்பி இணைப்பு கிடைக்க வேண்டும். இணைப்பில் இருக்கும்வரை வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. பிறகு தெருத்தெருவாய்ப் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பிளஸ் டூ முடிவு பார்க்கப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றது இங்குள்ள பெற்றோர் பலருக்கும் நினைவிருக்கும்.

தமிழ் இந்த வலையில் ஏறியதும் எளிதாக நடக்கவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் தட்டச்சிட்டதை மற்றவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழன்பர்களின் ஊதியமில்லா உழைப்பால் நம் பழைய இலக்கியங்களை இணையத்தில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுவான விசைப்பலகைக்கு வழி செய்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. 2010-ல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று ஆச்சி ஒருவர் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறார் என்றால், அதன் பின்னே இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் நகரம் தத்தளித்தபோது, எங்கே தங்க இடமுண்டு, எங்கே உணவுண்டு என்று முன்பின் அறியாதவர்கள் இணையத்தில் எழுதி உதவினார்கள். 2016-க்குப் பின் மலிவான இணைப்பும் கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றமும் வந்தன. 2020 ஊரடங்கில் திருப்பலியைக் கைப்பேசித் திரையில் கண்டு கண்ணீர் விட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆக, முன்பு நாம் இணையத்தைத் தேடிப் போனோம். இப்போது அது நம் சட்டைப் பையில் குடியேறி, அழைக்காமலே பேசுகிறது.

அன்பர்களே, இந்த இடத்தில் ஒரு துயரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மையாரின் அனுமதி பெற்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருநாள் கைப்பேசியில் காவல்துறைச் சீருடை அணிந்த ஒருவன் தோன்றி, "உங்கள் பெயரில் குற்ற வழக்கு இருக்கிறது, உங்களைக் கைது செய்திருக்கிறோம், இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது" என்று மிரட்டினான். இரண்டு நாள் அவர் வீட்டுக்குள்ளேயே கைதியாக இருந்தார். ஞாயிறு பூசைக்குப் போய்வர அந்தக் கயவனிடமே உத்தரவு கேட்டிருக்கிறார்! கைப்பையில் இணைப்பு ஓடிக்கொண்டிருக்க, எனக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் அமர்ந்திருந்தார். "சுகமாம்மா?" என்று கேட்டேன். "சுகம் அண்ணா" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். மறுநாள் அவருடைய சேமிப்பு முழுவதும் போய்விட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. என் தந்தி நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்நாளில் தந்தி வந்தால் வீடே நடுங்கும். ஆனால் செய்தியோடு ஒரு மனிதரும் வந்தார். எங்கள் தந்திப் பியூன் வாசலில் நின்று, ஆங்கிலம் தெரியாதவர்களுக்குப் படித்துப் பொருள் சொல்வார். துக்கச் செய்தி என்றால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது, வாசலில் நிற்கும் அந்த மனிதரும் போய்விட்டார். இணையம் எல்லாவற்றையும் கொண்டு வருகிறது. அவரை மட்டும் கொண்டு வரவில்லை.

இனி இணையம் எங்கே செல்கிறது? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த நாளிலிருந்து, கேட்டால் பதில் எழுதும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தமிழில் வாய்விட்டுக் கேட்டு அரசு உதவிகளை அறியும் காலம் தொடங்கிவிட்டது. அது பெரிய நன்மை. அதே அறிவைக் கொண்டு உங்கள் மகனின் குரலிலேயே பொய்யன் பேசவும் முடிகிறது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் சான்றாக நிற்காத நாட்கள் வருகின்றன. அப்போது மிஞ்சும் சான்று, பக்கத்தில் இருக்கும் நம்பிக்கைக்குரிய ஆள்தான்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இரண்டாவது, ஏமாந்தவரைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவரும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. மூன்றாவது, ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் மன்றத் தாழ்வாரத்தில் ஒரு மேசை போடுவோம். இளைஞர் இருவர், வின்சென்ட் தே பவுல் சபையார் ஒருவர் ஒரு மணி நேரம் அமரட்டும். ஓய்வூதியப் படிவம், வங்கிச் செய்தி, மிரட்டும் அழைப்பு, எதுவானாலும் பெரியவர்கள் அங்கே வந்து கேட்கலாம். முதல் வாரம் நான் அமர்கிறேன். அந்த அம்மையாரும் உடன் அமர ஒப்புக்கொண்டிருக்கிறார். தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக் கூடாது என்கிறார்.

யூபிலி ஆண்டுக்குக் கட்டடமும் கொடிமரமும் அழகுதான். அவற்றோடு, வாசலில் நிற்கும் ஒரு மனிதரையும் நம் பங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தரட்டும்.