தாதியரின் களைப்பு

(பிரிக்பீல்ட்ஸ் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்து ஆஸ்பத்திரியில் ‘மிஸ்ஸி’ என்று நாம் அழைத்த வேலையில், இன்று நம் பெண்மக்கள் பலர் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து வரும் மகள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படுத்துவிட்டால், “பிள்ளைக்குத் தலைக்கனம்” என்கிறோம். உண்மையில் அது களைப்பு. ஒரு நாள் உறக்கத்தில் தீராத களைப்பு.

2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். கோவிட் நோயாளிகளுக்குக் கட்டில் போதாமல், நடைவழியிலும் கூடாரத்திலும் சிகிச்சை நடந்தது. இரவும் பகலும் அங்கே நின்றவர்கள் தாதியர்.

இவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் அம்மையார் 1960-இல் எழுதினார்: அங்கே தாதியர், நோயாளியின் பெயரை விட்டுக் கட்டில் எண்ணையும் நோயையும் சொல்லியே பேசினார்கள். நெருங்கினால் நெஞ்சு தாங்காது என்று எழுந்த பழக்கம். ஆனால் பதற்றம் தீரவில்லை. வேலையில் இருந்த மனநிறைவும் போயிற்று.

நம் பெண்கள் சக தாதியிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். நல்லதுதான். ஆயினும் அதனால் ஒருத்தி பார்க்க வேண்டிய கட்டில்கள் குறையுமா?

வேலையிடத்து நெருக்கடி நாள்பட்டுத் தீராமல் போனால், சக்தி வற்றும், வேலையில் வெறுப்புத் தட்டும், திறன் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கிற்று. இதை ஒரு நோயாகச் சொல்லாமல், வேலையால் நேர்வதாகவே குறித்தது.

வெட்டுத் தொழில் தெரிந்த உங்களுக்கு இது புதிதா? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது ஏன்? மரத்துக்கு ஓய்வு வேண்டும். ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். அப்போது மரத்தைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. வெட்டிய முறை தவறு என்கிறோம். மரத்துக்குக் காட்டும் நியாயத்தை மனிதருக்குக் காட்ட வேண்டாமா?

2024 இறுதியில், ஷிப்டு வேலை செய்யும் அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்க ஏற்பாடாயிற்று. தாதியர் சங்கம் எதிர்த்தது, அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டது. ஒருத்தி தனியாக முறையிட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

ஆகவே இரண்டு வேண்டுகோள். இரவு வேலை முடிந்து வரும் மகளைப் பகலில் உறங்க விடுங்கள். வீட்டு வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சங்கத்தில் சேர்ந்து, கூடுதல் ஆளும் ஓய்வும் கேட்டால், தடுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.