ஏழு மணி ஊசி
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நானும் சிரித்தவன்தான். அப்படிச் சிரித்ததற்குப் பரிகாரமாகத்தான் இந்த மறையுரை.

ஓடைப்பட்டி உங்களுக்குத் தெரிந்த ஊர். விதையில்லாத் திராட்சை என்றால் வியாபாரிகள் நேராக அங்கேதான் போவார்கள். அந்த ஊரில், திராட்சைப் பந்தலை ஒட்டிய ஒரு வீட்டில், எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். மகன் திருப்பூரில். மகள் கேரளத்து ஏலத் தோட்டத்துப் பக்கம். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவரோடு இருந்தது ஒரு கடுவன் பூனை. வயது பதினேழு. கணவர் ஒரு மழைநாளில் பம்புசெட் அறையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. பூனைக்குப் பதினேழு என்றால் மனிதருக்கு எண்பதைத் தாண்டிய வயது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

போன ஆண்டு அந்தப் பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. நன்றாகத் தின்றது, ஆனால் இளைத்துக்கொண்டே போனது. பிறகு பின்னங்கால்களைத் தரையோடு பதித்து, முயலைப் போல நடந்தது. அந்த அம்மாவுக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் இருபது வருடமாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவர். தாகத்தையும் இளைப்பையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியில் பழைய சேலையை விரித்து, பூனையை வைத்து, ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுபோனார். சர்க்கரைதான். காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும், பால் சோற்றை நிறுத்த வேண்டும், கறியும் மீனும்தான் பூனையின் உடம்புக்கு ஏற்ற உணவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் என்னிடம் வந்தார். "சாமி, பூனைக்குச் சக்கரை வந்துருச்சு. ரெண்டு வேளையும் ஊசி போடணுமாம். போடலாமா?"

நான் சிரித்துவிட்டேன். "ஒங்களுக்கே ஒழுங்கா ஊசி போட மாட்டீங்க. இதுல பூனைக்கா?" என்றேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், "மனுசனுக்கே மருந்து வாங்க வழியில்ல" என்றார். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விவிலியத்தைத் திறந்து பூனையைத் தேடினேன். நாய் இருக்கிறது; தோபித்து நூலில் தோபியாவோடு வழி நெடுக நடந்து, திரும்பியும் வருகிறது. பூனையோ, எனக்குத் தெரிந்து, பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில் மட்டும்தான் வருகிறது. அதுவும் வேற்றுத் தெய்வச் சிலைகளின் தலைமேல் உட்காருவதற்காக! பூனை விவிலியத்திலும் பூனையாகத்தான் இருக்கிறது.

பிறகு சாமுவேல் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். தாவீது அரசரின் பாவத்தைக் கண்டிக்க இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதை சொல்கிறார். ஓர் ஏழை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு அது வளர்ந்தது. அவன் சோற்றில் தின்றது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் தூங்கியது. மகளைப் போல இருந்தது. அதே ஊர்ப் பணக்காரன் தன் விருந்தாளிக்காக அதைப் பிடித்து அடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீது கொதித்துப்போகிறார்.

சகோதரர்களே, எத்தனையோ முறை இந்தப் பகுதிக்கு மறையுரை ஆற்றியிருக்கிறேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். 'ஓர் ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவு பாசமா?' என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை. இறைவாக்கினர் கேட்கவில்லை. அரசர் கேட்கவில்லை. கோவில் வாசலில் நின்றுகொண்டு நான்தான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். ஆனால் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். "செலவு பாவமில்லையா சாமி?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2418ஆம் எண்ணில் இதைப் பற்றித்தான் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயரைப் போக்க முதலில் போய்ச் சேரவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவழிப்பதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொல்கிறது. இதை மழுப்ப எனக்கு உரிமை இல்லை. அவரிடம் அப்படியே சொன்னேன்.

ஆனால் இதையும் சொன்னேன். திருவிழாவுக்கு வெடி வாங்கும்போது நாம் யாரும் 2418ஆம் எண்ணைத் திறப்பதில்லை. மதுக்கடைக்குப் போகும் பணத்தைப் பற்றி வாசலில் நின்று சிரிப்பதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு கைம்பெண், தன் வெற்றிலையை நிறுத்திப் பூனைக்கு மருந்து வாங்கினால் மட்டும் நமக்கு ஏழைகளின் ஞாபகம் வந்துவிடுகிறது. அவர்தானே அந்த ஏழை!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்சுலின் எங்கிருந்து வந்தது? 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களை வைத்துத்தான் அதைக் கண்டறிந்தார்கள். அந்தச் சோதனைகளில் எத்தனையோ நாய்கள் செத்தன. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அந்த ஊசி போட்டார்கள். அதன்பிறகு அறுபது ஆண்டுகள், உலகத்தின் சர்க்கரை நோயாளிகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினால்தான் உயிர் வாழ்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலரும் அப்படித்தான் பிழைத்திருப்பார்கள். நாயும் மாடும் பன்றியும் நமக்குக் கொடுத்ததில் ஒரு சொட்டு பூனைக்குத் திரும்பிப் போனால், நாம் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த அம்மா ஊசி போட்டார். தன் மருந்தை வைப்பது போலவே பூனையின் மருந்தையும் ஈர மணலில் பதித்த மண்கலயத்துக்குள் வைத்தார். காலை ஏழு, மாலை ஏழு. முதலில் பூனைக்குச் சாப்பாடு, பிறகு ஊசி. இந்த ஒழுங்கில் தானும் தப்பாமல் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர் சுத்தபோசனம். அடுப்பில் மட்டும் பூனைக்குக் கோழி வெந்துகொண்டிருக்கும். தெருவே கேலி செய்தது.

ஒருநாள் தப்பு நடந்தது. பூனை சாப்பிடாததைக் கவனிக்காமல் ஊசியைப் போட்டுவிட்டார். இரவில் அது தள்ளாடி விழுந்து, கால்களை வெட்டி இழுத்தது. சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று தன் உடம்பில் பார்த்தவர் அவர். விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவிவிட்டு, மருத்துவரைக் கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டது. "அன்னைக்கு எனக்கு வந்தப்ப பக்கத்துல யாருமில்ல சாமி. அதுக்கு நான் இருந்தேன்" என்றார்.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு சிறுநீரகம் கெட்டுவிட்டது. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வலியில்லாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "இது கொலையா சாமி?"

மனித உயிர் விஷயத்தில் திருச்சபையின் பதில் ஒன்றுதான்: ஒருபோதும் ஆகாது. எவ்வளவு வயதானாலும், எவ்வளவு நோயானாலும் ஆகாது. ஆனால் விலங்குக்கு அந்தச் சட்டத்தை அப்படியே திருச்சபை வைக்கவில்லை. விலங்குகளைக் கடவுள் நம் பொறுப்பில் விட்டிருக்கிறார். தேவையில்லாத துன்பம் கூடாது என்பதே அங்கே அளவு. இதைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன். "இன்னும் பத்து நாள் வைத்திருந்தால் அது யாருக்காகம்மா? அதுக்காகவா, ஒங்களுக்காகவா?"

வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்காகத்தான்" என்றார்.

வியாழக்கிழமை காலை அதே திராட்சைப் பெட்டியில் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். தலையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அடக்கத் திருப்பலியெல்லாம் பூனைக்குக் கிடையாது; அவரும் கேட்கவில்லை. பந்தலுக்கடியில் குழி தோண்டியபின், பதினேழு வருடத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னோம்.

மூன்று வாரம் கழித்து அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். சர்க்கரை ஏறியிருந்தது. பூனை போனதிலிருந்து அவர் தனக்கு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. "ஏழு மணி ஆனா எந்திரிக்க மனசு வரல சாமி" என்றார்.

இப்போது காலை ஏழு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். மாலை ஏழு மணிக்கு, அன்று வாசலில் 'மனுசனுக்கே மருந்தில்ல' என்று சொன்ன அதே சகோதரர் வீட்டுக்கே போய் எட்டிப் பார்க்கிறார். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. நேற்றுக் காலை நான் ஐந்து நிமிடம் பிந்திவிட்டேன். போனை எடுத்ததும், "சாப்பிட்டாச்சு, ஊசியும் போட்டாச்சு, நீங்கதான் லேட்டு" என்றார்.