அடங்க மறுக்கும் வீக்கம்: நோயெதிர்ப்பு அணுக்களும் முடக்குவாதமும்



ஏழாயிரம்பண்ணையில் நின்று மருத்துவம் பேசுகிறவன் தீக்காயத்தைத் தாண்டிப் போக முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை இந்த அவைக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் முடக்குவாதம். நம் பாட்டிமார் சரவாங்கி என்று சொன்ன நோய். அதற்குப் போகும் வழி தீக்காயத்தின் வழியாகவே இருக்கிறது, ஏனென்றால் இரண்டிலும் வேலை செய்பவை அதே வெள்ளையணுக்கள்.

தோல் வெந்த இடத்தில் செல்கள் உடைகின்றன. செல்லுக்கு உள்ளே மட்டுமே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே சிந்துகின்றன. அந்தச் சிந்தலே உடம்புக்கு முதல் செய்தி. தோலில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிட, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால்தான். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டு மூன்று நாள் கழித்து மேக்ரோபேஜ்கள் வருகின்றன. இவை கிருமியோடு, வேலை முடிந்து செத்த நியூட்ரோஃபில்களையும் விழுங்குகின்றன. அப்படி விழுங்கியதும் மேக்ரோபேஜின் குணமே மாறுகிறது. அதுவரை அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்த அதே செல், அழற்சியை அடக்கிப் புண்ணை ஆற்றும் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. அழற்சி தானாக ஓய்வதில்லை. உடம்பு அதை ஓய வைக்கிறது. ஆரம்பிப்பதற்கு எத்தனை செல்கள் உழைக்கின்றனவோ, முடித்து வைப்பதற்கும் அத்தனை உழைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இந்த இரண்டாம் பாதிக்கு இரண்டு பக்கம்கூடக் கிடையாது. இன்று அதுதான் இந்தத் துறையின் பெரிய கேள்வி.

உடம்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால், காயம் பட்ட இடத்தோடு இந்த வேலை நிற்பதில்லை. உடம்பு முழுதும் குழாய்கள் கசிகின்றன. முதல் 24 மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுவது அதற்காகத்தான். "நேத்து நல்லா பேசிக்கிட்டு இருந்தாரே டாக்டர்" என்று வார்டு வாசலில் கேட்கும் உறவினரை இந்த வட்டாரம் அறியும். அச்சங்குளத்திலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிலர் பின்னால்தான் இறந்தார்கள். தீ அன்றே அணைந்துவிட்டது. எல்லை மீறிய அழற்சியும், அதன் பின் சோர்ந்துபோன நோயெதிர்ப்பும், அந்தச் சோர்வில் நுழையும் கிருமியும் உடம்பை நாள் கணக்கில் தாக்குகின்றன. எந்த ஏற்பாடு நம்மைக் காக்கிறதோ, அதுவே அளவு மீறினால் கொல்கிறது.

இனி முடக்குவாதத்துக்கு வருகிறேன். தீக்காயத்தில் அழற்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. முடக்குவாதத்தில் காயமும் இல்லை, கிருமியும் இல்லை; உடம்பு தன்னையே தாக்குகிறது. பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மேதை, உடம்பு தன்னையே தாக்குவதை இயற்கை அனுமதிக்காது என்று கருதினார். மேக்ரோபேஜின் விழுங்கும் வேலையைக் கண்டறிந்த மெச்னிகாஃபோடு சேர்ந்து 1908இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் நடக்கக் கூடாது என்று நினைத்தது நடக்கிறது. 1993இல் மாலவியா குழுவினர் டெல்லிக்கு அருகே கிராமங்களில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மூட்டின் உள்ளே சைனோவியம் என்று ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஓரிரு செல் அடுக்குதான் கனம். நோய் வந்தவருக்கு அது தடித்துச் சதைபோல் வளர்ந்து குருத்தெலும்பின் மேல் படர்கிறது. அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் டி செல், பி செல், மேக்ரோபேஜ் எல்லாம் மொய்த்துக் கிடக்கும். அவை அங்கே திரளும் வழி இது: நம் புரதங்கள் சிலவற்றில் ஒரு சிறு வேதி மாற்றம் நேர்கிறது. சிட்ருலின் ஏற்றம் என்பார்கள். மரபு வாகு உள்ளவர்களின் டி செல்கள் அந்த மாறிய புரதத்தை அந்நியமென்று எடுத்துக்கொள்கின்றன. அவை பி செல்களை ஏவ, பி செல்கள் எதிர்ப்பொருள் செய்கின்றன. டி செல்கள் மேக்ரோபேஜையும் உசுப்புகின்றன. மேக்ரோபேஜ் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய, சைட்டோகைன் என்னும் செய்திப் பொருள்களைக் கொட்டுகிறது. அவை சவ்வின் செல்களைத் தூண்டிக் குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க வைக்கின்றன, எலும்பைத் தின்னும் செல்களை வளர்க்கின்றன, இரத்தத்திலிருந்து மேலும் வெள்ளையணுக்களை மூட்டுக்கு இழுக்கின்றன. நீங்கள் பின்னுகிற சரவெடியில் ஒன்று வெடித்து அடுத்ததற்குத் தீ வைக்கும். கடைசி வெடியோடு அடங்கிவிடும். மூட்டுக்குள் ஓடும் இந்தச் சரத்தில் கடைசி வெடி திரும்பவும் முதல் வெடிக்குத் தீ வைக்கிறது.

இந்த நோய் முதலில் மூட்டில் தொடங்குவதாகவே தெரியவில்லை. நெதர்லாந்தில் இரத்ததானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களின் பழைய இரத்த மாதிரிகளைச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வு அது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தன. அப்போது விரல்கள் நன்றாகவே இருந்தன. அப்படியானால் எங்கே தொடங்கியது? பலருக்கு நுரையீரலில் என்று இப்போது சான்றுகள் சொல்கின்றன. பீடி, சிகரெட் புகை நுரையீரல் புரதங்களில் அந்தச் சிட்ருலின் மாற்றத்தைக் கூட்டுகிறது. கல்தூளில் உள்ள சிலிக்கா இன்னொன்று. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் தூசி படிந்த நுரையீரலும் முடக்குவாதமும் சேர்ந்து வருவதை காப்லன் என்ற மருத்துவர் 1953இலேயே எழுதினார். மேக்ரோபேஜ் சிலிக்காத் துகளை விழுங்கும், செரிக்க முடியாது, துகள் அதன் வயிற்றைக் கிழிக்கும், அந்தக் கிழிசலே இன்டர்லூக்கின்-1 சுரக்கக் கட்டளையாகிறது. இந்த வழித்தடம் 2008இல்தான் துலங்கியது. கல்குவாரியில் வேலை பார்க்கும் ஆண்களுக்கு முகக்கவசத்தை வற்புறுத்துவது நுரையீரலுக்காக மட்டும் அல்ல.

சிகிச்சையின் கதையில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் ஓர் இடம் உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அங்கே படித்து அமெரிக்கா போனார். அவர் தலைமையில் லெடர்லி ஆய்வகம் உருவாக்கிய ஃபோலிக் அமில எதிரிகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். இரத்தப் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது என்று 1985 வாக்கில் உறுதிப்பட்டது. இன்றும் உலகெங்கும் முதல் மருந்து அதுதான், விலையும் மலிவு. சுப்பாராவ் 1948இலேயே இறந்துவிட்டார். தன் மருந்து இத்தனை கோடி விரல்களை நிமிர்த்தும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு உரிய மரியாதையை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் தரவில்லை என்பது என் ஆதங்கம்.

அதே 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் நடந்தார். 1950இல் நோபல் பரிசு வந்தது. பின்னால்தான் எலும்புத் தேய்வும் சர்க்கரையும் முகவீக்கமும் வந்தன. இங்கே பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கும் "வாத மாத்திரை"யில் பெரும்பாலும் இந்த வகை ஸ்டீராய்டுதான் இருக்கிறது. மறுநாளே வேலைக்குப் போகலாம் என்பது உண்மை. எலும்பு அரிப்பு உள்ளே தொடர்கிறது என்பதும் உண்மை. மருத்துவர் சில வாரத்துக்கு அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. வருடக்கணக்கில் தின்னும் பொட்டலம் வேறு.

லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் இன்னொரு கேள்வி கேட்டார்கள். இத்தனை சைட்டோகைன்களில் ஒன்றை மட்டும் தடுத்தால் சரம் அறுபடுமா? 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் டி.என்.எஃப்.-ஐத் தடுத்தபோது சிலருக்குப் பழைய காசநோய் விழித்துக்கொண்டது. காசக் கிருமியைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் கட்டும் வளையம் டி.என்.எஃப். இல்லாமல் நிற்காது. எனவேதான் நம் நாட்டில் இந்த ஊசிக்கு முன் நெஞ்சுப் படமும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். மூட்டை அரிக்கும் பொருளே நுரையீரலைக் காக்கிறது. அழற்சியை முழுக்க அணைத்துவிடுவது வைத்தியம் ஆகாது. அடக்கும் கையை வலுப்படுத்துவதே இனி வரும் ஆராய்ச்சியின் திசை. தன் உடம்பைத் தாக்கும் டி செல்களை அடக்கி வைக்கும் தனி டி செல்கள் இருப்பதை ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். அதற்காக மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு 2025ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனையும் சொன்னது ஒரு காரணத்துக்காக. சரம் சுழலத் தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் மருந்து தொடங்கினால் மூட்டு பெரும்பாலும் தப்பும். அரித்த எலும்பு திரும்ப வளராது. ஆனால் தீக்குச்சி அடுக்கும் பெண்ணும், பட்டாசுக் குழாய் உருட்டும் பெண்ணும் சொல்வது என்ன? "வேலை செய்யுற கையி, வலிக்கத்தானே செய்யும்." 2006இல் சிக்குன்குனியா வந்துபோனபின் இன்னொரு பதிலும் சேர்ந்தது: "அந்தக் காய்ச்சலோட மிச்சம், சார்."

வேலையால் வரும் வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். கை ஓட ஓடத் தளரும். இரண்டு கையிலும் சேர்ந்து வரும். மணிக்கட்டும், விரல் அடிக்கணுவும், நடுக்கணுவும் வீங்கும். நுனிக்கணு பெரும்பாலும் தப்பும். ஆறு வாரம் இப்படி நீடித்தால் பொட்டலக்காரரிடம் போகாதீர்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிவகாசியிலேயே மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனிப்பிரிவு உண்டு.

மருந்து வாங்கிப் போகிற பெண்களுக்கு இரண்டு செய்தி. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, ஆகவே எந்தக் கிழமை என்று அட்டையில் தமிழில் எழுதி வாங்குங்கள். பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையைச் சில மாதம் முன்பே நிறுத்தி, கருவுக்குக் கேடில்லாத வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.