மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வழிகாட்டி



தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்திற்கு முன்னதாகப் புதுக்கோட்டை என்றோர் ஊர் இருக்கிறது. கைப்பேசியில் வெறுமனே ‘புதுக்கோட்டை’ என்று எழுதி வழி கேட்டால், அது அடுத்திருக்கும் இவ்வூரை விட்டுவிட்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பால், தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைக்கு வழிசொல்லப் புறப்பட்டுவிடக்கூடும். கருவியைக் குறை கூறிப் பயனில்லை. நாம் எந்தப் புதுக்கோட்டையைக் கருதினோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

மோட்டார் சைக்கிளில் செல்வோர் எத்தகைய வழிகாட்டிச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். காரில் செல்பவர் வழி தவறினால் நேரம் வீணாகும். இருசக்கர வண்டியில் செல்பவர் திரையை ஒரு கணம் உற்று நோக்கினாலோ உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே இது சிறிய பொருள் அன்று.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிந்துகொள்வோம். நம் கரையின் கடலோடிகள் கரையிலே தெரியும் கோபுரத்தையும் பனைமரக் கூட்டத்தையும் அடையாளமாகக் கொண்டு, கடலுக்கடியில் பார் இருக்கும் இடத்தைக் கண்டனர். கைப்பேசியும் ஏறக்குறைய அவ்வாறே செய்கிறது. வானிலுள்ள நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பையேனும் பெற்று, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இணையத் தொடர்பு இன்றியமையாதது அன்று. இணையத்தின் வழியே வருவது வரைபடமும் போக்குவரத்துச் செய்தியுமே. வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், தொடர்பு அற்ற இடத்திலும் வழி காணலாம்.

இனிச் செயலிகளைப் பார்ப்போம். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இருசக்கர வண்டிகளுக்கெனத் தனி வழிமுறை ஒன்றை இந்தியாவிலேதான் முதன்முதலில் அளித்தது. 2018 முதல் அது தமிழிலும் வழி சொல்கிறது. நெரிசலை அறிந்து சொல்வதில் அதற்குப் பெரும் வலிமை உண்டு. எனினும் இறக்கி வைத்த வரைபடத்தை மட்டும் கொண்டு அது இயங்கும்போது, நெரிசல் செய்தியும் மாற்று வழிகளும் கிட்டா. நம் நாட்டு நிறுவனமான மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ், வேகத்தடையையும் குழியையும் குறித்து எச்சரிக்கும் வசதி உடையது. இரவில் வண்டி ஓட்டுவோர்க்கு இது பேருதவி. மூன்றாவது வகை, 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தைக் கொண்டு இயங்கும் ஓஎஸ்எம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை. இவை இணையமின்றியே வழி காட்டுவன. ஆனால் அவ்வரைபடத்தை வரைவோர் பெரும்பாலும் தன்னார்வத் தொண்டர்கள். அவர்கள் கால் படாத ஊரில் தெருக்கள் விடுபட்டிருக்கலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பீர்கள். அதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் சொந்த ஊரையே அதில் தேடிப் பாருங்கள். நீங்கள் நன்கறிந்த சந்துகளும் குளக்கரைப் பாதையும் பாலமும் சரியாக இருக்கின்றனவா என்று நோக்குங்கள். அறிந்த ஊரில் பிழை மலிந்திருக்குமாயின், அறியாத ஊரில் அதனை எவ்வாறு நம்புவது?

இருசக்கர வழிமுறைக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. கார் புகாத குறுக்கு வழிகளை அது தேடித் தருகிறது. அவ்வழி எப்போதும் நல்வழியாக இருப்பதில்லை. ஒரு நாள் அந்தி நேரத்தில், முத்தையாபுரத்துப் பக்கம், ஒரு செயலியின் சொல்லைக் கேட்டு நான் உப்பளத்து வரப்பில் வண்டியை விட்டேன். சிறிது தூரத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த உப்பளத் தொழிலாளர் நால்வர் வண்டியைத் தூக்கிவிட்டனர். அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர், “போனு சொன்னா உப்பளத்துக்குள்ளயும் எறங்கிருவியளா அண்ணாச்சி?” என்று கேட்டார். விடை கூற என்னால் இயலவில்லை. அன்றுமுதல், புறப்படுமுன் வழி முழுவதையும் ஒருமுறை விரித்துப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகள் அறுந்தன, பல ஊர்களில் கைப்பேசித் தொடர்பும் அற்றது. அத்தகைய நாளில் வரைபடத்தில் சாலை இருக்கும், தரையில் இராது. அப்போது வழியறிவார் அவ்வூர் மக்களே. அவர்கள் ‘போகாதீர்கள்’ என்று தடுத்தால், திரை என்ன சொன்னாலும் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

வண்டியில் கைப்பேசியைப் பொருத்தும் முறையும் கவனத்திற்குரியது. எஞ்சினின் அதிர்வு கைப்பேசிக் காமிராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பான் நல்லது. நம் ஊர் வெயிலில் கைப்பேசி சூடேறித் திரை மங்குவதும் உண்டு. ஆகவே கண்ணுக்குக் காட்டும் செயலியைவிடக் காதுக்குத் தெளிவாகச் சொல்லும் செயலியே மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றது. அக்குரலும் பின்வரும் லாரியின் ஹாரனை மறைக்காத அளவில் மெல்லியதாக இருக்கவேண்டும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி, வழி காண்பதற்கு மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்த இடம் தருகிறது; அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் என்னும் நிபந்தனையோடுதான்.

எனவே தமிழில் தெளிவாகப் பேசுவது, இணையமின்றியும் இயங்குவது, உங்கள் ஊரைப் பிழையின்றி அறிந்தது ஆகிய மூன்றும் எதில் உண்டோ அதனைத் தேர்ந்துகொள்ளுங்கள். இயலுமாயின் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்: நகர நெரிசலுக்கு ஒன்று, தொடர்பற்ற வெளிக்கு ஒன்று. வழியை வீட்டிலேயே குறித்துக்கொண்டு புறப்படுங்கள். ஓடும்போது மாற்ற நேர்ந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

புதுக்கோட்டைக்கு வருவதானால், ‘தூத்துக்குடி மாவட்டம்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதிய பின், திரை காட்டும் தொலைவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை முடுக்குங்கள்.