வான் தீவு உணர்த்தும் பாடம்

 

தூத்துக்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாவில் உள்ள சிறு மணல்தீவே வான் தீவு. அங்கிருந்து இராமேஸ்வரம் வரை இத்தகைய 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவும், 2014இல் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கிற்று.

கடலின் சீற்றம் என்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. தீவைச் சூழ்ந்த பவளப்பாறையே அலையின் வேகத்தைத் தணித்து மணலைக் காத்து நின்றது. அதனைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடங்களுக்கும் அனுப்பினர். கடலோர ஊர்களின் பழைய சுவர்களில் அந்தக் கல்லை இன்றும் காணலாம். ஆதலின், அதனால் பயனடைந்தோரில் நாமும் அடங்குவோம். அரண் அகன்றது, அலை கரையை அரித்தது.

1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆயினும் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னரே பவளம் வெட்டுவது நின்றது. 2015 முதல் வான் தீவின் அருகே கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. அதன் பின் மணல் மெல்லச் சேரலாயிற்று.

பெருமக்களே! பவளம் வளர நூற்றாண்டுகள் வேண்டும். அதனைப் பெயர்க்க ஒரு கடப்பாரை போதும். கடல் நம் சொத்தன்று; அடுத்த தலைமுறைக்குரிய அமானிதம். தீவுப்பக்கம் படகில் செல்லும் நம் பிள்ளைகள், விளையாட்டுக்காகக்கூட ஒரு பவளத்துண்டையும் எடுத்து வராதிருக்க நாமே எடுத்துரைப்போமாக.