சொல் கேளாப் பிள்ளையா, சொல் விளங்காப் பிள்ளையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி அபிவிருத்தியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். உபகாரச் சம்பளம், உயர்தரப் படிப்பு ஆகியவற்றைப் பற்றி இம்மேடையில் பலர் முன்னரே விரித்துரைத்துள்ளனர். ஆதலின், நம் பரிசுப் பட்டியலில் ஒருநாளும் பெயர் ஏறாத சில குழந்தைகளைக் குறித்துப் பேசத் துணிந்தோம்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் தாய், "கை கழுவிவிட்டு வந்து, அடுக்களையிலிருக்கும் தட்டை எடுத்துப் பாட்டியிடம் கொடு" என்கிறாள். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் விழித்து நிற்கிறான். "சொன்ன சொல்லைக் கேட்பதே இல்லை" என்று தாய் சினக்கிறாள். "நீ கொடுத்த செல்லந்தான்" என்று பாட்டி தாயைப் பழிக்கிறாள். முடிவில் பிள்ளையின் முதுகில் ஓர் அடி விழுகிறது. இக்காட்சி எவ்வீட்டிலும் நிகழ்வதே. பிள்ளைகள் சிலர் குறும்பால் கேளாதிருப்பர் என்பதும் உண்மையே. ஆயினும், நாள்தோறும் இவ்வாறே நிகழுமாயின், அப்பிள்ளை சொல்லைக் கேட்க மறுத்தானா, அன்றிச் சொல்லே அவனுக்கு விளங்கவில்லையா என்று நாம் வினவ வேண்டாமா?

செவி நன்கு கேட்கும். விளையாட்டில் கூர்மை இருக்கும். எனினும், தாய்மொழியைக் கற்பதிலும் விளங்கிக்கொள்வதிலும் சில குழந்தைகள் நெடுங்காலம் இடர்ப்படுவர். இந்நிலையை 'வளர்ச்சி மொழிக் கோளாறு' என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்குவதென, ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வல்லுநர் பலர் 2017-ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டனர். இது நாவின் குற்றம் அன்று. ஆதலின் நாவில் வசம்பு தேய்ப்பதால் தீர்வதும் அன்று.

இஃது அரிதாகக் காணும் நிலையோ எனின், அன்று. அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐந்து வயதை ஒட்டிய பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இக்குறை உண்டெனக் கண்டது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வின் முடிவும் ஏறத்தாழ அதுவே. அதாவது, முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர். அமெரிக்க ஆய்வில் அத்தகைய பிள்ளைகளின் பெற்றோருள் நூற்றுக்கு 29 பேருக்கே குறை முன்னர் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. ஏனையோர் அறியாதிருந்தனர். ஆங்கே அங்ஙனமாயின், நம்மிடையே எத்துணைப் பேர் அறியாதிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதன் இயல்பை விளக்குதல் எளிது. 'தம்பி அண்ணனை அழைத்தான்', 'தம்பியை அண்ணன் அழைத்தான்' என்னும் இரு தொடரையும் வேறுபடுத்துவது 'ஐ' என்னும் ஓர் உருபே. 'சாப்பிட்டுவிட்டுக் கழுவு', 'கழுவிவிட்டுச் சாப்பிடு' என்பவற்றில் முன்பின் காட்டுவது எச்சமே. விரைந்தோடும் பேச்சில் இந்நுண்மைகளைப் பற்றிக்கொள்வது இக்குழந்தைகட்குக் கடினம். மூன்று ஏவல்களை ஒரே மூச்சில் சொல்லின், ஒன்றே மனத்தில் நிற்கும்.

இதனால் நேரும் இன்னல் வீட்டோடு நிற்பதில்லை. தெருவில் ஆட்டத்தின் விதியைப் பிறர் சொல்ல, இவனுக்கு அது பிடிபடாது. இரண்டு முறை தவறினால் 'ஆட்டத்துக்கு வேண்டாம்' என்று தள்ளிவிடுவர். சண்டை மூண்டால், நடந்ததை முறையாய் எடுத்துரைக்க வல்லவன் தப்பித்துக்கொள்வான். உரைக்க மாட்டாத இவன், குற்றமற்றவனாயினும், தண்டனை பெறுவான். சொல் வராதபோது அவன் கை ஓங்குவதும், மூலையில் ஒடுங்குவதும் வியப்பன்று. பள்ளியிலோ, செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசு தருகிறோம். ஒப்பிக்க மாட்டாதவனுக்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டுகிறோம். அப்பெயர் அவனை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

"இவன் தந்தையும் தாமதமாய்த்தான் பேசினான்" என்று மூத்தோர் ஆறுதல் கூறுவதுண்டு. தாமதித்துப் பேசும் குழந்தைகள் பலர் தாமாகவே தேறிவிடுவதும் மெய்யே. ஆயினும், இக்குறை குடும்பவழி வருவதுண்டென்று ஆராய்ச்சியாளர் கண்டிருத்தலின், அச்சொல் காத்திருக்கக் காரணம் ஆகாது. விரைந்து காட்டுதற்கே காரணம் ஆகும். இரண்டு வயது நிறைந்து சில திங்களாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையை வல்லுநரிடம் காட்டல் வேண்டும். ஐந்து வயதிலும் குறை நீடித்தால், அது தானே மறைதல் அரிது. தாயின் வளர்ப்பு இதற்குக் காரணம் அன்று. வீட்டில் இரு மொழி வழங்குவதும் காரணம் அன்று. ஆகவே, ஆங்கிலப் பள்ளிக்காகத் தாய்மொழியைக் கைவிடுமாறு எவர் கூறினும் செவிகொடாதீர்கள்.

செய்யத்தக்கவை யாவை? முதற்கண் செவியைச் சோதிப்பியுங்கள். பின்பு பேச்சு மொழிப் பயிற்சியாளரை நாடுங்கள். 1965-ஆம் ஆண்டு முதல் மைசூரில் இத்துறைக்கென அகில இந்தியக் கழகம் ஒன்று நடைபெற்று வருகிறது. வீட்டில் ஒரு நேரத்தில் ஓர் ஏவலே சொல்லுங்கள், பொருளைக் கையால் காட்டிச் சொல்லுங்கள், மறுமொழிக்குப் பொறுத்திருங்கள். குழந்தை "தண்ணி" என்றால், "சரியாகச் சொல்" என்று அதட்டாமல், "தண்ணீர் வேண்டுமா? இதோ, சொம்பில் தண்ணீர் இருக்கிறது" என்று அதன் சொல்லையே வளர்த்துத் தாருங்கள். ஆசிரியர்கள் "விளங்கிற்றா?" என்று கேட்பது போதாது, விளங்காத பிள்ளையும் தலையை அசைக்கும். "செய்து காட்டு" என்று கேட்டலே தக்கது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஊரார் என் சொல்வரோ, நாளைச் சம்பந்தம் பேசுகையில் இடையூறாகுமோ என்று அஞ்சிக் குழந்தையை மறைப்போர் நம்முள் உண்டு. அவ்வச்சத்தைப் போக்கும் கடமை அக்குடும்பத்தினுடையது மட்டுமன்று. பேசும் வாய் நம்முடையதாதலின், நம் அனைவருடையதுமாம். பரிசளிப்பு விழாவில் ஒப்பித்தலோடு, சித்திரம் தீட்டுதல், கைவினை ஆகியவற்றுக்கும் இடந்தாருங்கள். மருத்துவரிடம் செல்லப் பொருளில்லாத குடும்பத்திற்குக் கல்வி நிதியிலிருந்து வழிச்செலவேனும் உதவுங்கள். அடிக்கக் கை ஓங்குமுன், சொன்னது விளங்கிற்றா என்று ஒருமுறை ஆராய்வதாக ஒவ்வொரு வீட்டாரும் உறுதிகொள்ளின், யாம் இன்று பேசியதன் பயன் நிறைவுறும்.