மின்சாரக் கிற்றாரின் நாதமும் விலையும்

மின்சாரக் கிற்றார் வாங்கப் புகுவோர் பலர் அதன் மெருகையும் விலைச்சீட்டையும் பார்த்துவிட்டுச் செவியைக் கடைசியாகவே பயன்படுத்துகின்றனர். விலைக்கும் நாதத்துக்கும் உள்ள உறவு அத்துணை நேரானதன்று.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தார் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் போல் கிற்றார்கள் அக்காலத்தில் நன்கு விலைபோகாமையால் அவ்வடிவமே கைவிடப்பட்டது. இன்றோ அவை இலட்சக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன. மரமும் தந்தியும் அவையே. 1966இல் எரிக் கிளப்டன் என்னும் ஆங்கிலேயர் அத்தகைய கருவியொன்றை மார்ஷல் ஒலிபெருக்கியில் இணைத்து இசைத்தட்டுக்கு வாசித்தார். கேட்டோர் கிற்றாரைத் தேடி ஓடினர். ஆனால், அந்த நாதத்திற் பெரும்பங்கு ஒலிபெருக்கிக்கே உரியது. வால்வுகள் தம் எல்லையைக் கடந்து உழைக்கும்போது ஒலியின் முனைகள் மழுங்கித் தடித்துக் கனிகின்றன. மார்ஷலின் முதல் அமைப்புத்தானும் பெண்டர் நிறுவனத்தின் பேஸ்மன் பெட்டியை மாதிரியாகக் கொண்டு பிறந்ததே.

காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளின் கதை வேறு. 1961இல் வெளிவந்த நாஷ்வில் பாடலொன்றில், ஒலிப்பதிவுக் கருவியின் பழுதினால் எழுந்த கரகரப்பு அப்படியே இடம்பெற்றது. அடுத்த ஆண்டே அதனை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி விற்பனைக்கு வந்தது. பழுதுக்கும் விலை உண்டு போலும்!

ஆகவே, கிற்றாரை முதலில் மின்னிணைப்பின்றி மீட்டிப் பார்த்தல் வேண்டும். தந்தி விரைவில் ஓய்ந்துவிடும், சுருதி நில்லாத கருவியை எந்தப் பெட்டியும் திருத்தாது. அதன்பின் எஞ்சிய பணத்திற் கூடிய பங்கை ஒலிபெருக்கிக்கு ஒதுக்கலாம். வீட்டறைக்கு 100 வாற்று வேண்டியதில்லை. அவ்வால்வுகள் உழைக்குமளவுக்கு ஒலியைக் கூட்ட அயலார் இடங்கொடார்.